ஒரு கிளைதான் வெட்டச் சொன்னாள்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்தாக வேண்டும், ஏனென்றால் நம் குடும்பத்தில் ஒரு வீட்டிலாவது நிம்மதி மிச்சம் இருக்க வேண்டும். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். என் நலத்தைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. போனில் சொல்லாமல் இதென்ன புதிதாகக் கடிதம் என்று புருவத்தைச் சுருக்குவாய். காது மந்தமானதிலிருந்து நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன் என்பது உனக்குத் தெரியும். இது ஸ்பீக்கரில் பேசக்கூடிய விஷயம் இல்லை. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்: உங்கள் மாடி அறை காலியாக இருக்கிறதா? ஒரு ஆள், ஒரு பெட்டி, அவ்வளவுதான். உங்கள் வீட்டுச் செடிகொடி எதன் பக்கமும் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று இந்தக் கடிதத்திலேயே உறுதி கொடுக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததும் என் வீட்டுக்காரி துணைக்குப் போனாளில்லையா, அன்றைக்கு டாக்ஸி வாசலில் நிற்கும்போது சமையலறை ஜன்னலைக் காட்டி, "இந்தக் கொய்யாக் கிளை வெளிச்சத்தையே மறைக்குது. பட்டப்பகல்ல லைட்டு போட்டுச் சமைக்க வேண்டியிருக்கு. யாராவது ஆள் கிடைச்சா இந்த ஒத்தக் கிளைய மட்டும் எடுத்துடச் சொல்லுங்க" என்றாள். கவனி அக்கா. ஒற்றைக் கிளை. அதுவும் ஆளை வைத்து. இரண்டே இரண்டு வார்த்தைகளில் என் வாழ்க்கையே அடங்கியிருந்தது, நான்தான் காதில் வாங்கவில்லை.

ஆள் எதற்கு என்று தோன்றிவிட்டது. பத்திரிகை ஆபீஸில் ஆயுள் முழுக்க நான் பார்த்த வேலையே வெட்டுவதுதான். நிருபர்கள் முழம் முழமாக எழுதி வருவதைச் சாண் அளவுக்கு வெட்டி, உயிர் போகாமல் அச்சுக்கு அனுப்பியவன். ஒரு கொய்யா மரம் எனக்கு எம்மாத்திரம்? இன்னொன்றும் உண்டு, உன்னிடம் மறைப்பானேன். ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் கூடத்தில் போட்ட கூடுதல் நாற்காலி மாதிரி. பெருக்கும்போது காலைத் தூக்கச் சொல்வாள், தூக்குவேன். மற்றபடி என்னால் ஆகிற காரியம் எதுவும் இல்லை. தோட்டம் முழுக்க அவள் ராஜ்ஜியம். அவள் திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போது தோட்டம் பளிச்சென்று இருக்க வேண்டும், "யாரு செஞ்சது?" என்று அவள் கேட்க வேண்டும், நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு காட்சிக்காகத்தான் அக்கா, இத்தனையும்.

கடைக்குப் போய்க் கவாத்துக் கத்தரியும் வளைந்த கைரம்பமும் கேட்டேன். கடைக்காரர் என் வேகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தன ஏக்கருங்க சார்?" என்றார். வீட்டுக்கு முன்னால் நாலு தொட்டி, பக்கவாட்டில் இரண்டு மரம் என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் பெரிசுதான்" என்றேன். ஏணியையும் தலையில் கட்டிவிட்டார். வந்த கையோடு போனில் ஒரு வீடியோவைத் தேடிப்பிடித்து, போனைத் தொட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டேன். தொப்பி போட்ட ஒரு மனிதர், பரம சாது மாதிரி முகம். காய்ந்த கிளையை எடுங்கள், ஒன்றோடொன்று உரசும் கிளையை எடுங்கள், உள்பக்கம் பார்த்து வளரும் கிளையை எடுங்கள் என்றார். ரத்தினச் சுருக்கமான பேச்சு, ஒரு சொல் வெட்ட முடியாது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அன்றைக்குப் பார்த்துப் பேய்க்காற்று. செம்பருத்தியைப் பார்க்கிறேன், எல்லாக் கிளையும் எல்லாக் கிளையோடும் உரசிக்கொண்டு நிற்கிறது. எதை விடுவது? உரசியதையெல்லாம் எடுத்தேன். கடைசியில் நின்றது ஒரே ஒரு குச்சி, அது உரச ஆள் இல்லாததால் தப்பித்தது. இதற்குள் வீடியோவின் நடுவில் சிமென்ட் விளம்பரம் வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பானேன் என்று நான் ரோஜாவுக்குப் போனேன். இடப்பக்கம் கொஞ்சம் வெட்டினேன், வலப்பக்கம் உயரமாகத் தெரிந்தது. வலப்பக்கம் வெட்டினேன், இடப்பக்கம் உயர்ந்துவிட்டது. மீசை ஒதுக்கும்போது வருமே அந்த வினை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கும்போது தொட்டியில் பென்சில் நீளத்துக்கு மூன்று கட்டைகள் இருந்தன. அப்போது விளம்பரம் முடிந்து தொப்பிக்காரர் மறுபடி வந்து, "ஆனா ஒண்ணு, பூக்கிற சமயத்துல மட்டும் இத எதையும் செஞ்சுடாதீங்க" என்றார். தரையெல்லாம் மொட்டு கிடந்தது அக்கா.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? இல்லை. கெட்டுப்போனதை எலுமிச்சையில் சரிக்கட்டிவிடலாம் என்று அதற்குப் போனேன். வேகமாக நெட்டுக்குத்தலாக வளர்ந்து நிற்கும் முள்ளுக் கிளை பலன் தராது, அதை எடுத்துவிடலாம் என்று அந்த மகானுபாவர் சொன்னார். என் காதில் விழுந்தது முள்ளுக் கிளை என்பது மட்டும்தான். எலுமிச்சையில் முள் இல்லாத கிளை எது, நீயே சொல். கையெல்லாம் ரத்தக் கீறலோடு நான் வெளியே வந்தபோது அந்த மரம் ஊன்றி வைத்த குடைக்கம்பு மாதிரி நின்றது.

மறுநாள்தான் கொய்யா. இதற்காகத்தானே இத்தனை ஆட்டமும். ஏணியை அதே கிளையில் சாய்த்து ஏறி, மேலே ஒரு கவட்டில் உட்கார்ந்துகொண்டு ரம்பத்தைப் போட்டேன். பாதிதான் அறுத்திருப்பேன், கிளை தானாகவே படாரென்று முறிந்து, அடிமரத்துத் தோலை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு, ஏணியையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவின் கிளினிக் போர்டின் மேல் போய் விழுந்தது. உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவர் கழுத்தில் கட்டிய துணியோடும் வாயில் வைத்த பஞ்சோடும் தெருவரை ஓடிவிட்டார். டாக்டரம்மா கையுறையோடு ஓடி வந்தாள்.

"யாரு விழுந்தது? அங்கிள், நீங்களா?"

"கிளைதாம்மா விழுந்துச்சு."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் இன்னும் மேலதான் இருக்கேன். ஏணி உங்க பக்கம் வந்துடுச்சு, கொஞ்சம் கொடுக்கிறியா?"

நல்ல பெண். என்னை இறக்கிவிட்டு, மரத்தின் காயத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "அடிப்பக்கம் முதல்ல ஒரு வெட்டு போட்டிருக்கணும் அங்கிள். மேலேருந்து அறுத்தா தோலோடதான் வரும். போகட்டும், இதுல எதையும் தடவிடாதீங்க, காத்து பட்டாலே ஆறிடும்" என்றாள். அவள் அந்தப் பக்கம் போனாளோ இல்லையோ எனக்கு மனசு கேட்கவில்லை. திறந்த காயத்தை எப்படி அப்படியே விடுவது? கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த சில்வர் பெயின்டைக் கொண்டுவந்து இரண்டு பூச்சு பூசினேன். இப்போது அது தெருமுனையிலிருந்தே மின்னுகிறது. போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

சரி, சமையலறைக்கு வெளிச்சமாவது வந்ததா என்று கேட்பாய். வந்தது அக்கா, வெள்ளமாக வந்தது. கூடவே பல் வலிக்காரர்களும் வந்தார்கள். அந்தக் கிளை இத்தனை நாள் எதை மறைத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மாவின் காத்திருப்பு பெஞ்சு நேராக எங்கள் அடுப்பைப் பார்த்துப் போட்டிருக்கிறது. காலையில் டீ போடத் திரும்பினால் ஐந்தாறு பேர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். என் டீயைக் கண்டு துக்கப்படுகிற மாதிரி இருக்கிறது. ஒரு நாள் தாங்கினேன். அப்புறம் தடித்த கம்பளி ஒன்றை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். இப்போது சமையலறை முன்னைவிட இருட்டு. பகலில் இரண்டு லைட்டு எரிகிறது.

வெட்டியதையெல்லாம் வாசலில் குவித்து வைத்தேன். குப்பை வண்டிக்காரர் குவியலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பச்சக் கிளை எடுக்கிறதில்ல சார். காய வெச்சுக் குடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அது காய்வதற்குள் இவள் வந்துவிட்டாள், சொன்ன நாளுக்கு முன்னாலேயே. கேட்டைத் திறக்க வழியில்லை. பெட்டியை டாக்ஸிக்காரர் தூக்க, டாக்டரம்மா வீட்டுக்குள் போய், குட்டைச் சுவரைத் தாண்டி, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துத் தன் சொந்த வீட்டுக்குள் சுவரேறிக் குதித்து வந்தாள். செம்பருத்தியைப் பார்த்தாள். ரோஜாவைப் பார்த்தாள். எலுமிச்சையைப் பார்த்தாள். சில்வர் மரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். நான் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிற்பாடுதான் கவனித்தேன். திட்டுவாள், அழுவாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள், "சாப்பிட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. வேளாவேளைக்குத் தட்டு வருகிறது, டீ வருகிறது, துவைத்த சட்டை வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை.

இந்தத் தண்டனையை என்னால் தாங்க முடியவில்லை அக்கா. விடிந்ததும் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கட்டைக்கும் தண்ணீர் ஊற்றுகிறாள். நான் பின்னாலேயே போய் விளக்கம் சொல்கிறேன். எந்தக் கிளையை எதற்காக வெட்டினேன் என்று சொல்கிறேன், அது எனக்கே நம்பும்படியாக இல்லை. அந்த மௌனத்தை நிரப்ப வேண்டுமே என்று என்னென்னவோ பேச வேண்டியிருக்கிறது. தொண்டை கட்டிவிட்டது. நேற்று அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிக்கூடச் சொன்னேன், அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டாள். பதில் மட்டும் இல்லை. மரம் துளிர்க்கும்வரை இந்த வீட்டில் எனக்கு இடம் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே மாடி அறை விஷயத்தைத் தாமதிக்காமல் எழுது. என் வருகையால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் எந்த ஆயுதத்தையும் கையில் எடுக்காமல் நீண்ட நாள் வாழட்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
போக்கிடமில்லாத உன் தம்பி

பின்குறிப்பு: அண்ணி, இது உங்கள் தம்பி மனைவி எழுதுவது. பசை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் "அக்காவுக்குச் சும்மா நலம் விசாரிச்சிருக்கேன்" என்று சொல்லி, கவரை ஒட்ட என்னிடமே கொடுத்தார். மாடி அறையைப் பெருக்கிவிடாதீர்கள். செம்பருத்தியும் ரோஜாவும் வெட்டிய இடத்திலெல்லாம் துளிர்விட்டாயிற்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் அவருக்கும் தெரியும். நான்தான் பச்சைக் கிளையில் கத்தரி வைக்க மனசு வராமல் வருஷக்கணக்காகப் புதராக வளரவிட்டிருந்தேன். எலுமிச்சை மட்டும் பிழைக்காது, அதற்கு அவரை மன்னிப்பதாக இல்லை. முதல் நாள் நிஜமாகவே கோபத்தில்தான் பேசாமல் இருந்தேன். ஆனால் மறுநாள் காலையில் அவர் என் பின்னாலேயே வந்து பேச ஆரம்பித்தார் அண்ணி. கல்யாணமானதிலிருந்து "ம்", "சரி" தவிர இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து நான் கேட்டது கொஞ்சம்தான். ஆபீஸ் கதை சொல்கிறார். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தனியாக மாடிப்படியில் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். வேலையை விட்டு வந்த பிறகு காலையில் எழுந்திருக்கவே பயமாக இருந்தது என்று சொன்னார். நான் ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டால் போதும், சமாதானம் ஆகிவிட்டது என்று பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கப்போகிறேன், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தயவுசெய்து, மாடி அறையில் வெள்ளையடிக்கிறார்கள், இப்போதைக்கு இடம் இல்லை என்று ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள். அவர் ரொம்ப வருத்தப்படுவார். அதையும் என்னிடம்தான் வந்து சொல்வார்.