ஒரு சின்னத் திருத்தம்

என் மருமகளுக்கு நான் அறுநூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். ஐந்து வாரப் பாக்கி. யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை என்று கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் மார்தட்டுகிற ஆள் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு ரம்பமும் ஒரு கைவண்டியுமாகத் தொடங்கி, இன்றைக்கு மூன்று மரக்கடையும் ஓர் அறுவை மில்லும் வைத்திருப்பவன். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்ளேயே கடன்காரனான கதையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் உங்களுக்கு ஒரு ஜீவனை அறிமுகப்படுத்தியாக வேண்டும்.

அதற்குப் பெயர் சின்னத் திருத்தக்காரர்.

நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், முன்னால் பெயர்ப்பலகை, இவை மூன்றும் எங்கே சேர்கின்றனவோ அங்கே அது இருக்கும். ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்த கோப்பின் உறையை அது கூட்டத்துக்குப் போகும் காரில்தான் கிழிக்கும். நாற்பது பக்கத்தையும் விரலை நனைத்து நனைத்துப் புரட்டும். படிப்பதற்காக இல்லை, பேசுவதற்கு ஓர் இடம் அகப்படுமா என்று. இடம் அகப்பட்டதும் கண்ணாடியைக் கழற்றும், ஒரு முறை செருமும், "ஒரு சின்னத் திருத்தம்" என்று தொடங்கும். 'வேண்டும்' என்றிருப்பதை 'வேண்டியது அவசியம்' என்று ஆக்கும். 'உடனடியாக' என்றிருந்தால் 'விரைவில்' என்று மாற்றும். 'விரைவில்' என்றிருந்தால் 'உடனடியாக' என்று மாற்றும். பிறகு பதிவாளர் பக்கம் திரும்பி, "குறிப்புல ஏத்திட்டீங்கல்ல?" என்று கேட்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும் கூட்டக் குறிப்பில் தன் பெயர் இருக்கிற வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கும்.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? கண்ணாடி பார்த்துத்தான் தினமும் சவரம் செய்கிறேன்.

பல்கலைக்கழக நூலகத்துக்கு அலமாரி அடிக்க நான் இலவசமாக மரம் கொடுத்தேன். அவர்கள் பதிலுக்கு எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். முதுநிலைப் படிப்புகள் எப்படி நடக்க வேண்டும், யாருக்கு எப்படி மதிப்பெண் போட வேண்டும் என்று தீர்மானிக்கிற கல்விப் பேரவையில், 'தொழில்துறைப் பிரதிநிதி' என்ற நாற்காலி. பேராசிரியர்கள் நாற்பது பேருக்கு நடுவில் ஆறாம் வகுப்பு! முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது அது தேக்கா ரப்பர் மரமா என்று கைப்பிடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டேன். ரப்பர் மரம்தான்.

போன வருஷம் புது மதிப்பெண் விதிகள் பேரவைக்கு வந்தன. பேராசிரியர்கள் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியது. தேநீர் வர ஐந்து நிமிஷம் இருந்தது, நான் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை. புரட்டினேன். பதினான்காவது விதி கண்ணில் பட்டது: தேர்ச்சிக்கு ஐம்பது, மதிப்பெண் பின்னத்தில் வந்து, அது அரைக்கு மேல் இருந்தால், அடுத்த முழு எண்ணாகக் கொள்ளலாம்.

கண்ணாடியைக் கழற்றினேன்.

"ஒரு சின்னத் திருத்தம். 'கொள்ளலாம்'கிறதை 'கொள்ளக் கூடாது'ன்னு போடுங்க. நான் பத்தடிப் பலகைன்னு வித்தா அது பத்தடி இருக்கணும். அரை அங்குலம் குறைஞ்சாலும் குறைதான்."

துணைவேந்தர் மேசையைத் தட்டினார். "அனுபவம் பேசுது!" என்றார். ஒரு வழுக்கைத் தலைப் பேராசிரியர் என் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். அந்தப் பென்சில் அசைந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். இரண்டு வருஷ வேலையை நான்கு நிமிஷத்தில் தலைகீழாக்கிவிட்டுத் தேநீருக்கு எழுந்தோம்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதை மூன்று தடவை சொன்னேன். மேசையின் மறு கோடியில் மருமகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாலையில் அதே பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவி.

"அந்த விதியை முழுசாப் படிச்சீங்களா மாமா?" என்றாள்.

"படிக்கிறதுக்கு அங்க நாப்பது பேர் இருக்காங்கம்மா. முடிவெடுக்கத்தான் ஆளில்லை."

என் மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அது சரி. நீங்க எந்தப் பரீட்சையில அம்பது வாங்கினீங்க?"

நான் கையலம்பப் போனேன்.

இந்த வருஷம் முடிவுகள் வந்தன. மருமகளுக்கு எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண், புள்ளியியலில் மட்டும் நாற்பத்தொன்பது புள்ளி ஆறு. பேராசிரியர்கள் எழுதிய விதியென்றால் ஐம்பது. என் விதிப்படி தோல்வி. அடுத்த மாதக் கடைசிக்குள் பட்டம் கையில் இருந்தால் அவள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பதவி அவளுக்கு; இல்லாவிட்டால் வேறொருவருக்கு. மூன்று வருஷமாக இரண்டு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்தவள்.

அவள் அழவில்லை. நேராக நூலகத்துக்குப் போயிருக்கிறாள். என் மரத்தில் செய்த அலமாரியிலிருந்து பேரவைக் கூட்டக் குறிப்பை எடுத்து, நகல் போட்டு வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். 'முன்மொழிந்தவர்: தொழில்துறைப் பிரதிநிதி.' எனக்குப் பிடித்த வரிதான். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, நீங்க எனக்கு அறுநூறு தரணும்."

"எதுக்கும்மா?"

"மேல்முறையீட்டுக் கட்டணம். உங்க விதியை எதிர்த்து."

"விதின்னா எல்லாருக்கும் பொதுதானேம்மா?"

"பொதுதான். அதான் பதினோரு பேர் மாட்டியிருக்கோம்." நகலை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க வித்த பலகை குறைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"மாத்திக் கொடுப்பேன்."

"என்னை எந்தக் கடையில மாத்தறது?"

நான் கொடுக்கவில்லை. அறுநூறு எனக்குப் பெரிதா? கொடுத்தால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடும், அதுதான் பெரிது. விறுவிறுவென்று கடைக்குப் போய், பத்தடிப் பலகையில் பத்தை இறக்கச் சொல்லி, நானே அளவு நாடாவைப் பிடித்தேன். வீட்டுக்குப் போய், "பார், என் பலகை சரியாக இருக்கிறது" என்று சொல்லலாமே என்ற ஆசை.

ஏழு பலகை குறைந்தது. அதில் ஒரு பலகை முக்கால் அங்குலமே குறைந்தது.

"என்னய்யா இது?" என்று கத்தினேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் என் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற கவலை இருந்தது. "என்ன முதலாளி புதுசாக் கேக்கறீங்க? இருபதடி மரத்தை ரெண்டா அறுத்தா நடுவுல வாள் தின்னுட்டுப் போகும்ல? இதைக் கணக்குல வெக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?"

நான்தான். நாற்பது வருஷமாக நான்தான். வாள் தின்றதைக் கணக்குப் பார்க்கிற மரக்கடை எங்கேயும் இல்லை. கணக்குப் பார்த்தால் எவனும் மரம் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் பதினோரு மேல்முறையீடுகளும் வந்தன. கோப்பை இந்தத் தடவை வீட்டிலேயே படித்திருந்தேன், இரண்டு நாள் பிடித்தது. எழுந்து நின்றேன். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"அந்தத் திருத்தத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஏன்? பிரமாதமான திருத்தமாச்சே!" என்றார் துணைவேந்தர்.

"அன்னைக்கு நான் விதியைப் படிக்கலைங்க. டீ வர்றதுக்குள்ள ஏதாவது பேசணுமேன்னு பேசினேன். என் கடைப் பலகையே பத்துக்கு ஏழு குறையுது, அளந்து பாத்துட்டேன். அப்புறம், அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தி என் மருமக."

வழுக்கைத் தலைப் பேராசிரியர் இதையும் குறித்துக்கொண்டார். வாழ்நாளில் நான் பேசியதிலேயே மிகச் சின்னப் பேச்சு அதுதான், வியர்த்தது மட்டும் நிறைய.

சொந்தக்காரர் விஷயம் என்றால் உறுப்பினர் வெளியே போக வேண்டும் என்றார் பதிவாளர். கதவுக்கு வெளியே நின்றேன். ஆறாம் வகுப்பில் கடைசியாக நின்ற அதே மாதிரி, சுவரோடு ஒட்டிக்கொண்டு. உள்ளே துணைவேந்தரின் குரல்: பேராசிரியர்கள் எழுதிய விதியே இருக்கட்டும், பதினோரு பேரும் தேர்ச்சி, சரிதானே? சரி, சரி என்று பல குரல்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்போது ஒரு செருமல் கேட்டது. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், அன்று அதுவரை வாயே திறக்காதவர்.

"ஒரு சின்னத் திருத்தம்."

கதவோடு காதை ஒட்டினேன்.

"கட்டின கட்டணம் யாருக்கும் திருப்பித் தரப்பட மாட்டாதுன்னு ஒரு வரி சேத்துக்குங்க."

அனுபவம் பேசுது, என்றார்கள். தேநீர் வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் குடியிருப்புச் சங்கத்தில், அலுவலகத்தில், பெற்றோர் கூட்டத்தில் கடைசியாக எப்போது வாய் திறந்தீர்கள், எதற்காகத் திறந்தீர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, இந்த இடத்தை இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாமே என்று ஒரு தடவையாவது தோன்றியிருந்தால், கண்ணாடியை இப்போதே கழற்றாதீர்கள், கையோடு கொண்டு வாருங்கள். எங்கள் மேசையில் இன்னும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

அன்று மாலை மருமகள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டினாள். எண்ணி வைத்தேன். ஐந்து நூறு, ஒன்பது பத்து, அதன்மேல் சில்லறை. பை காலியானபோது கணக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"அறுநூறுன்னு வெச்சுக்கோயேன்ம்மா" என்றேன்.

நீட்டிய கையின் விரல்கள் மடங்கவில்லை. "குறைஞ்சாலும் குறைதான் மாமா."

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மேசையில் உருட்டிவிட்டாள். அதைப் பிடித்து, துடைத்து, அந்த விரிந்த கையில் வைத்தேன்.

"அறுநூறு" என்றேன், அவள் கேட்கும்படி, சத்தமாக.