நூற்று முப்பத்தைந்தில் ஒன்றைக் காணோம்

ஒரு லென்ஸ் வாங்கியே தீருவது என்று பஞ்சாபகேசன் தீர்மானம் செய்தார். வலியசாலை அக்ரஹாரத்தில் அந்தச் செய்தி ஒரே ஒரு வீட்டுக்குத்தான் தெரியும். அந்த வீட்டிலும் பாதி ஜனத்தொகைக்குத்தான் தெரியும். மொத்த ஜனத்தொகை இரண்டு.

மறுபாதியான அனந்தலக்ஷ்மி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமல் வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு காரியம் நடந்ததில்லை என்பது நினைவுக்கு வந்ததும் சொல்லிவிட்டார்.

"ரெஷ்மா கல்யாணத்துக்கு ஒரு லென்ஸ் வேணும்."

"இருக்கறதுக்கு என்ன கேடு?"

"அது இருட்டுல உதவாது. மழைக்காலம், சாயங்காலக் கல்யாணம். சர்ச்சுக்குள்ளே ஃபிளாஷ் அடிக்கப்படாதுன்னு போதகர் சொல்லிட்டாராம். ஃபாஸ்ட் லென்ஸ்தான் வேணும்."

"ஓடுமாக்கும்?"

"ஓடாது. வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும். துளி வெளிச்சம் இருந்தாலும் படம் விழுந்துடும்."

"அப்போ நம்மாத்துக்குன்னா முதல்ல வாங்கணும்!"

சிரித்தபடிதான் சொன்னாள். பஞ்சாபகேசன் சிரிக்கவில்லை.

அவர்களுடைய ஒரே பெண் ராஜஸ்ரீ. இரண்டு வருஷத்துக்கு முன் ஜுரம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. அன்றைக்கு அலமாரியில் வைத்த கேமராவை அவர் அப்புறம் தொடவில்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம் எதற்கும் போவதில்லை. அவருக்கு மனிதர்கள் மேல் கோபம் கிடையாது. ஒரு வாக்கியத்தின் மேல்தான் பயம். 'ராஜி இருந்திருந்தா' என்று ஆரம்பிக்கும் வாக்கியம். அதை எவர் வாயிலிருந்தும் கேட்க அவருக்குத் திராணி இல்லை. அதனால் எல்லா விசேஷத்துக்கும் அனந்தலக்ஷ்மி தனியாகவே போய், இரண்டு பேருக்கும் சேர்த்து அதைக் கேட்டுக்கொண்டு வருவாள்.

ரெஷ்மா ராஜியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பாறசாலை நேசமணியின் மகள். அழைப்பிதழோடு நேரில் வந்தவள், "படம் அங்கிள்தான் எடுக்கணும். இல்லேன்னா எனக்கு ஆல்பமே வேண்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுக்க வாய் வரவில்லை. ஆகவே பஞ்சாபகேசன் ஒரு திட்டம் போட்டார். திட்டத்தின் பெயர் லென்ஸ்.

"எந்த லென்ஸாக்கும்?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"நூத்தி முப்பத்தஞ்சு."

"பஸ் நம்பர் மாதிரி இருக்கே."

"ஒரே அளவு. ஜூம் கிடையாது. கிட்ட இழுக்க முடியாது, தள்ளவும் முடியாது. வேணும்னா நாமதான் நகரணும்."

"ஓ, உங்க ஜாடை."

"கேளு. முப்பத்தஞ்சுன்னு ஒண்ணு இருக்கு. அதுல எடுக்கணும்னா மனுஷா மூஞ்சிகிட்டேயே போய் நிக்கணும். நூத்தி முப்பத்தஞ்சுன்னா எட்ட நின்னுக்கலாம்."

"எவ்வளவு எட்ட?"

பஞ்சாபகேசன் எதையும் உத்தேசமாகச் சொல்லும் மனிதர் அல்ல. அக்ரஹாரத்து வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். அவளைக் கொல்லைக் கதவில் நிறுத்தினார். தான் வாசல் கதவுக்குப் போய்ப் பழைய ஜூம் லென்ஸை அந்த அளவுக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் பின்னால போ!"

"பின்னால கிணறுன்னா!"

"சரி, நீ அங்கேயே இரு. நான் போறேன்."

தெருவில் இறங்கினார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயிற்று. "ஹா! இப்போ சரி!" என்று கூவினார்.

"ஏன்னா! அங்கே நின்னுண்டா மனுஷா பேசறது உங்களுக்குக் கேக்குமோ?"

"கேக்கவே வேண்டாம்! மூஞ்சி தெரிஞ்சா போறும்!"

கேமராவுக்குள் அனந்தலக்ஷ்மியின் முகம் லேசாக வாடுவது தெரிந்தது. வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று மட்டும் அவர் நினைத்துக்கொண்டார்.

கடைக்குப் போனால் ஆட்கள் இருப்பார்கள். ஆகவே தம்பானூர் கேமராக் கடைக்கு ஃபோனிலேயே சொன்னார். சரக்கு கொச்சியிலிருந்து வரவேண்டும், கல்யாணத்தன்று காலையில்தான் கிடைக்கும் என்றார்கள்.

"நீங்க முன்னாலே போய் இடத்தைப் பாருங்கோ. நான் அதை வாங்கிண்டு நேரா சர்ச்சுக்கு வந்துடறேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி. இவ்வளவு ஒத்தாசையான மனைவி எவனுக்குக் கிடைப்பாள் என்று பஞ்சாபகேசன் உருகிப்போனார். கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மழையோடு பாறசாலைக்குப் போனார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் அருமையான ஒரு தூண். அவரைப் போல இரண்டு பேர் ஒளியலாம். நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். பாட்டு தொடங்கும் சமயத்தில் அனந்தலக்ஷ்மி பட்டுப் புடவை நனைய வந்து பெட்டியைக் கொடுத்தாள்.

திறந்தார். மறுபடி மூடிவிட்டுத் திறந்தார்.

"என்னதுடி இது?"

"லென்ஸ்."

"முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு!"

"நீங்க சொன்னதுல முப்பத்தஞ்சு உண்டோன்னோ?"

"நூத்தி முப்பத்தஞ்சு! முன்னால ஒண்ணைக் காணோமே!"

முன் பெஞ்சில் நாலைந்து தலைகள் திரும்பின. அனந்தலக்ஷ்மி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணைக் காணோந்தான். என்ன பண்ணறது? இருக்கறதை வச்சுண்டு எடுங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூணருகே நின்றே முயன்றார். ரெஷ்மா மல்லிகை மொட்டு அளவுக்குத் தெரிந்தாள். மாப்பிள்ளை அதன் காம்பு. பளிச்சென்று தெரிந்தவை மின்விசிறிகள் மட்டும்தான். பழைய லென்ஸை மாட்டினால் எல்லாமே கறுப்பு. கல்யாணமோ நடந்துகொண்டிருந்தது. அவர் எடுக்காவிட்டால் ஆல்பமே வேண்டாம் என்ற பெண்ணின் கல்யாணம்.

பஞ்சாபகேசன் தூணை விட்டார்.

நடுவழியில் நடந்து முன்னால் போய் நின்றதும் நேசமணி அவர் தோளில் கைவைத்தார். "சாரே," என்றார் மெதுவாக, "ராஜி மோள் இருந்திருந்தா இப்பம் இவ பக்கத்துல நின்னிருப்பா, இல்லியா?"

வந்துவிட்டது. பஞ்சாபகேசன் கண்ணை மூடிக்கொண்டு, எது இடிந்து விழப்போகிறது என்று காத்திருந்தார். எதுவும் விழவில்லை. பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"ஆமாம். பச்சைப் புடவை கட்டிண்டிருப்பா" என்றார். அப்புறம், "கொஞ்சம் வலது பக்கம் நகருங்கோ. மாப்பிள்ளையை மறைக்கறேள்."

அதற்கு மேல் நேசமணியின் மனைவி ரத்னாபாய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ஒரு படம் மட்டும் ஆடிப்போயிற்று. மோதிரம் போடும்போது ரெஷ்மா எட்டித் தொடும் தூரத்தில் இருந்தாள். லென்ஸ் தானாகவே அவள் கண்ணைக் கூர்மையாகப் பிடித்துக்கொண்டது. மங்கலாகத் தெரிந்தது அவருக்குத்தான்.

"அங்கிள், உங்க கண்ணாடி நனைஞ்சிருக்கு" என்றாள் அவள்.

"மழை" என்றார்.

சர்ச்சுக்குள் மழை பெய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நன்றாகவே இருந்தன. அதை ஒப்புக்கொள்வதற்கு முன் யாரையாவது கண்டிக்க வேண்டியிருந்தது.

"இருந்தாலும் கடைக்காரன் பண்ணினது மகா தப்பு. நாளைக்கே நேர்ல போய் மாத்திண்டு வரேன்."

"நேர்லயா?" என்றாள் அனந்தலக்ஷ்மி. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "பேஷாப் போய்ட்டு வாங்கோ."

மறுநாள் தம்பானூரில், கடையில் நின்றவனின் சட்டையில் பிரணவ் என்று பெயர் இருந்தது. பஞ்சாபகேசன் பெட்டியை மேஜையில் வைத்தார்.

"நான் கேட்டது நூத்தி முப்பத்தஞ்சு."

"அது வந்திருந்தது சாரே. மாமி அதை மாட்டிக் காட்டச் சொன்னாங்க. என்னை ரோட்டு வரைக்கும் அனுப்பிப் பார்த்தாங்க. 'இது வேண்டா கேட்டோ, இதைக் குடுத்தா மனுஷன் தப்பிச்சுடுவார்'னு சொல்லிட்டாங்க."

பஞ்சாபகேசன் பெட்டியை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்து, குடும்பத் தலைவரின் குரலைத் தேடி எடுத்தார்.

"இருக்கட்டும். இப்போ நான் சொல்றேன். அந்த நூத்தி முப்பத்தஞ்சை எடும்."

"அதைத் திருப்பி அனுப்பியாச்சே சாரே. அடுத்த கல்யாணத்துக்கு மாமி இருபத்துநாலு சொல்லி வச்சிருக்காங்க. அதுக்கு இன்னும் பக்கத்துல போகணும்."