முட்டைக்காரர் பார்த்த ஸ்கேன் படம்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஓடுகிற பஸ்களில் நோயைச் சொல்லிச் சன்னல் சீட்டு வாங்கிய ஒரே மனிதர் முட்டைக்காரராகத்தான் இருக்க வேண்டும். "ஏனுங்க, எனக்குக் கேன்சருங்க. கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா?" என்பார். சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் சீட்டையே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

நான் அதற்கு நேர் எதிர். கீமோவில் முடி கொட்டியதும், வேளாங்கண்ணியில் மொட்டை போட்டேன் என்று தெருவுக்கே சொல்லி வைத்தேன். "புருவத்தையுமா சார் எடுக்கறாங்க?" என்றார் எதிர்வீட்டு ஸ்டெல்லா. "இப்ப அப்படித்தான்" என்றேன். மாதாவையே பொய்ச்சாட்சிக்கு இழுத்த மகா பக்தன் நான். யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று மனைவி மேரியிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். மகளுக்கு வரன் பார்க்கிறோமே என்பது நான் சொன்ன காரணம். என்னைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' என்றுவிடக் கூடாது என்பதுதான் நிஜம்.

கீமோ அறையில் முட்டைக்காரருக்கு என் பக்கத்து நாற்காலி. நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டையைப் பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்து நல்லது கெட்டது பிரித்தே வயதானவர். பழக்கதோஷம், யார் ஸ்கேன் படத்தோடு வந்தாலும் வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார். "நல்ல முட்டைங்க சாமி, பயப்படாதீங்க" என்பார். டாக்டர் சொன்ன பிறகும் இவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். வாத்தியார், படித்தவன் என்ற மிதப்பில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் படத்தையும் நீட்டினேன்.

படத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேரியையும் பார்த்தார். "உங்களுது பரவால்லீங்க. அம்மாவுக்குத்தான் விரிசல் உட்டிருக்குது."

மேரி சட்டென்று வெளியே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து தெருவே வீட்டு வாசலில் நின்ற நேரம். ஒரு அட்டை முட்டையை மடியில் வைத்துக்கொண்டு, சன்னல் சீட்டில்தான், சேலம் வந்து இறங்கியிருக்கிறார் முட்டைக்காரர். "ஏனுங்க, கேன்சர் வந்த வாத்தியார் ஊடு எதுங்க?" என்று தெருமுனையிலிருந்தே விசாரிப்பு. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"மானத்தை வாங்கிட்டீங்களே" என்றேன், உள்ளே வந்தவரிடம்.

"மானம் கெடக்குதுங்க. அம்மா அழறதுக்கு ஒரு ஆள் வேணாமுங்களா?"

அதற்குள் ஸ்டெல்லா வந்து மேரியைக் கட்டிக்கொண்டார். "புருவம் போனப்பவே தெரியும்க்கா. நீங்களாவே சொல்வீங்கன்னுதான் இருந்தோம்." ஆறு மாதம் அடக்கி வைத்ததை மேரி அவர் தோளில் அழுது தீர்த்தாள். எத்தனை பெரிய கல்லை அவள் தலையில் ஏற்றியிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சத்தியத்தை மீறவும் இல்லை. அன்று வெளியே போனவள், பின்னால் வந்து கேட்ட முட்டைக்காரரிடம் தெருப் பெயரை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

தன்னுடைய கடைசிப் படத்தையும் அவர் தூக்கிப் பார்த்து, "நல்ல முட்டைங்க" என்றார். தை பிறப்பதற்குள் போய்விட்டார்.

போன வாரம் என் படம் வந்தது. சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஒன்றும் புரியவில்லை. அவர் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.