உயிரோடு இருக்கும் கர்சானைப் பற்றி ஒரு புகார்

லா ரோஷ்வெர்த், 14 நவம்பர் 1935

பாரிஸில் புத்தகங்கள் வெளியிடும் மாண்புமிகு முசியே தெல்மாஸ் அவர்களுக்கு, லா ரோஷ்வெர்த் கிராமத்து மேயர் கஸிமிர் ஒலிவியே தொப்பியைக் கழற்றி வணங்கி எழுதுவது. இங்கே மழை நலம், திராட்சை நலம், என் மூட்டு வலியும் நலம். உங்கள் எழுத்தாளர் அந்தோனேன் கர்சான் உயிரோடு இருக்கிறார். அதுதான் புகார்.

அவர் போரில் இறந்ததாக 1917-இல் எங்களுக்குத் தந்தி வந்தது. பாதிரியார் பூசை வைத்தார், நாங்கள் முறைப்படி அழுதோம், 1920-இல் சதுக்கத்தில் கல் நட்டு, சாவு வந்த வரிசைப்படி பதினான்கு பெயர்களை வெட்டினோம். பத்தாவது பெயர் கர்சான். மறு வருஷம் ஒரு நண்பகலில் அந்த மனிதர் ஜெர்மன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்து ரொட்டி கேட்கிறார்! ரொட்டிக்கடைக்காரி மயங்கி மாவுத் தொட்டியில் விழுந்தாள். பெயரைச் செதுக்கி எடுத்துவிடுகிறேன் என்றேன். "வேணாம் மேயர் ஐயா. துப்பாக்கி தூக்கிட்டுப் போனவன் அங்கயே செத்துட்டான். அவன் பேரு கிடக்கட்டும்" என்றார். பிறகு போரே கூடாதென்று புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். அரசாங்கம் கொடுத்த பதக்கத்தைத் தன் ஆட்டின் கழுத்தில் கட்டினார். ஆடு இன்றும் மிடுக்காகத்தான் திரிகிறது.

போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று இங்கே வழக்கம் என்னவென்றால், நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன், ஊர் மொத்தமும் "நாட்டுக்காக இறந்தான்" என்று பதில் சொல்லும். கர்சான் பெயருக்கும் சொல்லும். அவர் எதிர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக் கோப்பையை உயர்த்துவார்.

இந்த வருஷம் பழைய ராணுவக் கோட்டு மாட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து நின்றார். பத்தாவது பெயரைக் கூப்பிட்டேன். "இருக்கேன்" என்றார்.

ஊர் சிரித்தது. தபால் நிலைய மதாம் குளோத்தில்தான் உரக்கச் சிரித்தவள். "பதினஞ்சு வருஷமா சாகடிச்சா யாருக்குத்தான் பொறுமை இருக்கும்!" என்றாள்.

நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். இப்போலித் பிளான்.

"இ... இருக்கேன்."

கர்சான் குரல் மாற்றி விளையாடுகிறார் என்று முறைத்தேன். அவர் வாயில் சுருட்டு இருந்தது, முகம் வெளுத்திருந்தது. குரல் நீரூற்றுப் பக்கமிருந்து வந்தது. முசியே, இப்போலித்துக்குத் திக்குவாய். சிரித்துக்கொண்டிருந்த குளோத்தில் அவன் அக்கா. பன்னிரண்டாம் பெயருக்கும் பதில் வந்தது. பதின்மூன்றாம் பெயருக்கும் வந்தது, அதுவும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து. ஈரக் கம்பளி நாற்றம் அடித்தது. அன்று மழை இல்லை.

பதினான்காவது என் மகன் லியோன்ஸ். நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, விருந்தினருக்குச் சூப்பு ஆறிவிடும் என்று அறிவித்து விழாவை முடித்தேன்.

கர்சான் பின்னாலேயே வந்தார். "உங்க பையனை மட்டும் கூப்பிடலியே?"

"அவன் பதில் சொல்லிட்டா?"

"சொல்லலேன்னா?"

போருக்குப் புறப்பட்டபோது லியோன்ஸுக்குப் பதினேழு வயது. அந்த வயதில் படையில் சேரத் தகப்பன் கையெழுத்து வேண்டும். போட்டேன். பெருமை தாங்காமல் மேயர் முத்திரையும் குத்தினேன். போர் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது செத்துப்போனான்.

இதையெல்லாம் கர்சான் மூன்றே இரவில் சின்னப் புதுப் புத்தகமாக எழுதி உங்களுக்கு அனுப்பிவிட்டாராம். செத்தவர்களைக் கிளப்பிவிடும் அந்தப் புத்தகத்தை அச்சேற்றக் கூடாதென்று ஊராட்சி ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது. அவரைக் காதல் கதை எழுதச் சொல்லுங்கள். உங்கள் துணைவியாருக்கு என் மரியாதை. உங்கள் பிள்ளைகள், இருந்தால், நீடூழி வாழட்டும்.

தங்கள் பணிவுள்ள,
கஸிமிர் ஒலிவியே, மேயர்

கையெழுத்து:

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கல்லுக்குப் போனேன். நல்ல வெயில், சதுக்கத்தில் ஆட்டைத் தவிர யாருமில்லை. பேனா இன்னும் கையிலேயே இருந்தது. மகன் பெயரைக் கூப்பிட்டேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு காதோரமாக, மெதுவாக, அதே பதினேழு வயதுக் குரலில், "அப்பா, கையெழுத்துப் போடாதீங்க" என்றான்.

மேலே அந்த இடம் காலியாக இருப்பது மறதியால் அல்ல. புத்தகத்தை அச்சிடுங்கள்.