முன்வரிசைக் கண்ணீர்

அழுகிறவர்களில் ஒரு வகை உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில், கறுப்பின வரலாற்று மாதமென்று கொண்டாடும் பிப்ரவரியில் அதிகமாகத் தென்படும். தேவாலயக் கூடத்தில் நாற்காலி போட்டு, நிறப் பிரிவினைக் காலத்துப் படம் ஒன்றைக் காட்டி, முடிந்ததும் பீச் பழப் பலகாரத்தோடு கலந்துரையாடல் வைப்பார்களே, அங்கே இரண்டு கைக்குட்டைகளோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊரில் அதன் பெயர் ராய்ஸ் டாலிவர். வெள்ளைக்காரர், நகர மன்ற உறுப்பினர், நல்ல மனிதர். மூன்றாவதை அவரே சொல்வார்.

போன சனிக்கிழமைப் படத்தில், பிரசவ வலியோடு வந்த கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் மருத்துவமனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. ஒரே ஒரு டாக்டர் கதவைத் திறந்துவிட்டு வேலையை இழக்கிறார். அந்த டாக்டர்தான் டாலிவர். அன்று கூடத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் அந்த டாக்டர்தான். அப்படியானால் கதவைச் சாத்தியது யார்?

பலகார வரிசையில் ஓடெல் பிக்கெட் அவரிடம் வந்தார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கறுப்பர் குடியிருப்பில் இருக்கும் அம்மாள்; சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது.

"மிஸ்டர் டாலிவர், செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்புல எங்க நாலாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திடாதீங்க. வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கணும். வேற வண்டி இல்ல."

டாலிவர் அவர் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். அந்தக் காலத்தில் தான் இருந்திருந்தால் அந்தக் கதவைப் பெயர்த்தே எறிந்திருப்பேன் என்றார். பஸ் விஷயம் மட்டும் கொஞ்சம் சிக்கல், புள்ளிவிவரம் பார்க்கவேண்டும் என்றார்.

"கதவு அது பாட்டுக்கு இருக்கட்டும். பஸ்ஸை விட்டு வைங்க."

செவ்வாய்க்கிழமை மன்றத்தில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. மிச்சம் டாலிவர் ஓட்டு. பதினொரு நிமிடம் பேசினார்; படத்தைக் குறிப்பிடும்போது குரல் தழுதழுத்தது; தண்ணீர் குடித்தார்; பிறகு, பயணிகள் குறைவு என்பதால், கனத்த மனத்தோடு பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஓட்டுப் போட்டார்.

மறுவாரமே மிஸ் ஓடெலுக்குத் தானே போன் செய்தார். அடுத்த படம் இன்னும் உருக்கமானதாம். தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு வைக்கிறாராம்.

"வரேன் மிஸ்டர் டாலிவர். எதுல வர்றது?"

அதற்கும் கலங்கிவிட்டார் மனிதர்.

நீங்கள் இந்த வகை இல்லை என்று எனக்குத் தெரியும். இவ்வளவு நேரமும் மிஸ் ஓடெல் பக்கம்தானே இருந்தீர்கள்? டாலிவரிடமும் இதைப் படித்துக் காட்டினேன். அவரும் அந்தப் பக்கம்தான்.