வண்டு பொறுக்காத வீரர்

"எங்கப்பன் பேரு எங்கய்யா?"

பெலெனாத்தோ போட்ட சத்தத்தில், சமோவாவின் அந்தக் கரைக்கு வந்த அலையே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் உடைந்தது.

சுதந்திரம் வந்த வருஷம். ஊர்ச் சபைக் கூடத்துக்கு முன்னால் புதிதாய்ப் போட்ட சிமெண்டு மேடை இன்னும் ஈரம். வெள்ளைக்காரனை எதிர்த்து மாவ் கலகத்தில் நின்றவர்களின் பேரையெல்லாம் அதில் ஆணியால் கீறியிருந்தார்கள். செலேசியின் பேர் இல்லை. அந்தப் பேரைச் சொல்லித்தான் மகன் பெலெனாத்தோ இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

"உங்கப்பன் என்னப்பா பண்ணினாரு? சொல்லு, காயறதுக்குள்ள கீறிடலாம்," என்றார் சபைப் பேச்சாளர் மனூலே. "முதல்ல உட்காந்து பேசு."

அதுவரை உட்கார்ந்திருந்த பெலெனாத்தோ எழுந்து நின்றார். சபையில் எழுந்து நிற்பது குற்றம். ஒரு பன்றி அபராதம்.

"என்ன பண்ணினாரா? ஒண்ணுமே பண்ணல! அதான்யா கலகம்!"

அது நிஜம்தான். தென்னையைத் தின்னும் கொம்பு வண்டுகளை ஆளாளுக்குப் பொறுக்கித் தர வேண்டுமென்பது வெள்ளைக்காரன் உத்தரவு. மாட்டோம் என்றது ஊர். செலேசி சாகும்வரை ஒரு வண்டைக்கூடத் தொட்டதில்லை என்பது குடும்பக் கதை.

"சும்மா படுத்துக் கெடந்ததுக்குச் சிமெண்டா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எந்தப் பன்னிடா அது?"

குரல் கொடுத்தது ஊர்த் தலைவர். இரண்டாவது பன்றி.

பெலெனாத்தோ வீட்டுக்கு ஓடி, உத்தரத்தில் தொங்கிய அப்பாவின் கூடையைப் பிடுங்கி வந்தார்.

"பாருங்கய்யா! முப்பது வருஷமா தொங்குது. ஒரு வண்டு இதுல கால் வச்சிருக்குமா?" என்று கவிழ்த்து உதறினார்.

காய்ந்த வண்டுக் கொம்புகள் பொலபொலவென்று பாயில் கொட்டின. ஒன்று எகிறித் தலைவர் குடித்துக்கொண்டிருந்த காவா பானக் கோப்பைக்குள் விழுந்தது. அதற்குத் தனியாக ஒரு பன்றி.

"சதி! எவனோ கொண்டாந்து போட்டிருக்கான்! லொசா அத்தையக் கூப்பிடுங்க. அப்பாகூடப் பொறந்தவ. அவ பொய்யின்னு சொன்னா, எம் பன்னி எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போங்க!"

"எல்லாம்னா? மிச்சம் ஒண்ணுதான் இருக்கு," என்றார் மனூலே. "அதுவும் சினை."

லொசா அத்தை சுட்ட சேப்பங்கிழங்கை உரித்துக்கொண்டே வந்தாள். கூடையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அத்தே, அப்பா வண்டு பொறுக்கினாரா, இல்லியா?"

"பொறுக்குடான்னான் வெள்ளைக்காரன். எங்கண்ணன் ஒண்ணையும் தொடல. ஜெயில்ல போட்டான். அப்பவும் தொடல."

"கேட்டீங்களாய்யா!" பெலெனாத்தோவின் கண் கலங்கியது. ஆணியை எடுத்துக்கொண்டு ஈரச் சிமெண்டைப் பார்த்துப் பாய்ந்தார்.

"அப்புறம்," அத்தை கிழங்கை ஊதினாள், "எவனும் பொறுக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ச் சபை சொல்லுச்சு. 'எனக்கு உத்தரவு போட நீங்க யாருடா'ன்னு கேட்டுட்டு, அன்னைக்கே கூடையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு."