நாணலுக்கு விழுந்த மாலை

புல் வளர்ப்பவனுக்கு இந்த உலகத்தில் மரியாதை கிடையாது. ரோஜா வளர்த்தால் 'கைராசிக்காரர்' என்பார்கள். புல் வளர்த்தால், "ஆள் வெச்சு சுத்தம் பண்ணக் கூடாதா?" என்பார்கள்.

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. எங்கள் தெருவில் எல்லோரும் வாசலில் கொரியன் புல் போட்டு, அது மஞ்சளாகப் போவதைப் பார்த்து வருந்திக்கொண்டிருந்தபோது, நான் ஏரிக்கரையிலிருந்து நாணல் கொண்டுவந்து மதிலோரம் நட்டேன். நம்ம ஊர்ப் புல். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது. ஐப்பசியில் ஆளுயரத்துக்கு வெள்ளைப் பூ விட்டு நின்றபோது, போகிறவர் வருகிறவர் எல்லாம் செல்ஃபி எடுத்தார்கள். (சரி, இரண்டு பேர். அதில் ஒருவர் நான் வற்புறுத்திய எங்கள் அப்பா.)

நாணலுக்கு ஒரே ஒரு பராமரிப்புதான். பூ முடிந்து காய்ந்ததும் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு அறுத்துவிட வேண்டும். அப்போதுதான் புதுக் குருத்து வரும். மார்கழியிலேயே செய்திருக்க வேண்டியது. பூவில் மயங்கித் தள்ளிப்போட்டேன்.

தை பிறந்தது, தங்கை செல்விக்கு வழியும் பிறந்தது. சாமல்பட்டிப் பக்கத்து வரன், பெங்களூரில் வேலை. கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் கம்பெனிக்குப் போகலாம் என்று சொன்ன முதல் மாப்பிள்ளை. அதுவரை எந்த போட்டோவையும் ஏறெடுத்துப் பார்க்காதவள் இவர் போட்டோவைத் தன் செல்போனுக்கே அனுப்பச் சொன்னாள். ஞாயிறு காலை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. கூடம் சிறியது என்று அப்பா வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு, இனிப்பு வாங்க பேக்கரிக்குப் போனார்.

செல்வி வாசலை எட்டிப் பார்த்தாள். "ஏண்ணா, வரவங்க பொண்ணு பாக்க வராங்களா, பாம்பு பாக்க வராங்களா?"

மானப் பிரச்சினை. கருக்கரிவாளை எடுத்தேன். பக்கத்து வீட்டு மஞ்சுநாத் அண்ணனும் மாடியில் குடியிருக்கும் இரண்டு பேரும் உதவிக்கு வந்தார்கள்.

நாணல் பூ தூரத்தில்தான் அழகு. கிட்டே போனால் பஞ்சு. கண், மூக்கு, தொண்டை, ஓரிடம் பாக்கியில்லை. நாலு பேருக்கும் கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. தாளோ கையை அறுத்தது. அதனால் மஞ்சுநாத் அண்ணன் வீட்டு மூங்கில் ஏணியைப் படுக்க வைத்து, அதன்மேல் ஆளுயரத் தாளை நீளவாக்கில் அடுக்கிக் கயிற்றால் கட்டினோம். அப்போதும் பஞ்சு பறந்தது. கொடியில் காய்ந்த அப்பாவின் வெள்ளை வேட்டியை எடுத்துப் போர்த்தினேன். (என் மூளை வேலை செய்யும் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.) உடம்பெல்லாம் அரிப்பு. சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். பிறகு ஈர வேட்டியோடு நான் முன்னால் தோள் கொடுக்க, நாலு பேருமாகத் தூக்கி நிமிர்ந்தோம்.

தெருமுனையில் கார் திரும்பியது.

சிரித்தபடி இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா எங்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏணியை இறக்கி வைத்துவிட்டு 'வாங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையில் பஞ்சு. விசும்பல்தான் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றினார். திரும்பும்போது மலைக்கோயிலில் சாத்த வாங்கி வைத்திருந்த சம்பங்கி மாலையைக் காரிலிருந்து எடுத்து வந்து, வேட்டியின் மேல் வைத்துக் கும்பிட்டார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. புல்லுக்கு மாலை! சாமல்பட்டிக்காரர்களுக்கு இயற்கைமேல்தான் எவ்வளவு மரியாதை!

"தைரியமா இருப்பா," என்று என் கையைப் பிடித்தார். "எப்ப எடுக்கறீங்கோ?"

இப்போதே என்று சைகை காட்டி, பக்கத்துக் காலி மனையைக் கை காட்டினேன். அவர் முகம் வெளிறியது. ஒவ்வொருவராக என் கையைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார்கள். 'போயிட்டு வரோம்' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அப்பா மைசூர்பாக்கோடு வந்து சேர்ந்தார். "எங்கடா அவங்க?"

"புல்லுக்கு மாலை போட்டுட்டுப் போயிட்டாங்கப்பா."

அப்பா ஏணியைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். நாற்காலிகளையும், சொட்டச் சொட்ட நின்ற என்னையும் பார்த்தார். "இதுல படுத்திருக்கறது யார்றா, நானா?"

"அய்யோ தேவ்ரே!" என்று மஞ்சுநாத் அண்ணன் தலையில் கை வைத்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வாசற்படியில் பட்டுப்புடவையோடு செல்வி. அவள் கண்ணில் பஞ்சு படவில்லை, ஆனாலும் கலங்கியிருந்தது. வெட்கத்தில் அந்த ஏணியில் நானே ஏறிப் படுத்துவிடலாமா என்றிருந்தது.

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்து, தரகரிடம் நம்பர் வாங்கி, நேரே மாப்பிள்ளைக்கே போட்டாள்.

"எங்க வீட்ல யாரும் சாகலீங்க. எங்கண்ணன் புல்லு அறுத்தான், அவ்ளோதான். உங்க மாலை பத்திரமா இருக்குது. நீங்களே வந்து எடுத்துக்கறீங்களா?"

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு வாசல்வரை எங்களுக்குக் கேட்டது.

சூளகிரிப் பக்கம் போயிருந்த கார் திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா முதலில் எங்கள் அப்பாவின் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சம்பங்கி மாலையைச் சாமிக்குச் சாத்த முடியாது என்பதால் புல்லுக்கே விட்டுவிட்டோம்.

இப்போது செல்வி பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். நாணலும் ஒன்றுக்கு இரண்டாகத் தழைத்திருக்கிறது. ஒவ்வொரு தை மாதமும் மாப்பிள்ளை போன் போட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்ப எடுக்கறீங்க மச்சான்?" என்று கேட்பார். அறுக்கிற அன்று மாலையோடு வந்து இறங்குவார். சாப்பிட்டு முடித்ததும் என் கையை ஒருமுறை தொட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவார்.